பாட்டிக்குப் புது மூக்கு வேண்டாம்

பழைய படங்களை ஸ்கேன் செய்து, சேதமானதைச் சரிசெய்து தரும் கடை ஒன்று மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. ஒரு வேலையில் எங்களை நோகடித்தார்கள், அப்புறம் முகம் கோணாமல் அதைச் சரியும் செய்து கொடுத்தார்கள், இரண்டையும் எழுதிவிட்டுப் பெயரையும் போட்டால் கடைக்கார அண்ணனுக்கு நியாயமாகப் படாது.

எங்கள் ஊர் நிபோங் திபால். பினாங்கு மாநிலத்தின் தெற்கு மூலை, இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் பேராக் வந்துவிடும். ஒரு காலத்தில் சுற்றிலும் கரும்புத் தோட்டம், அப்புறம் பால்மரம் என்கிற ரப்பர், இப்போது செம்பனையும் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளும். தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசைவீட்டை, விட்டு வரும்போது அம்மா தூக்கிக்கொண்டு வந்தது ஒரு பிஸ்கட் டின்னும் ஓர் ஆல்பமும்தான். போன மழைக்குக் கூரை ஒழுகி அந்த டின்னுக்குள் தண்ணீர் போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மொத்தம் 143 படம். ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் துண்டில் சுற்றிக்கொண்டு கொமுட்டர் ரயிலேறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் அக்கரைக்குப் போனேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆல்பம் அந்த 80-களில் எல்லார் வீட்டிலும் இருந்த பசைத்தாள் ஆல்பம், மேலே பிளாஸ்டிக் ஒட்டி இருக்குமே, அது. பசை மஞ்சளாகிப் படத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் நகத்தை வைத்து நெம்பப் போனேன், அண்ணன் கையைத் தட்டாத குறையாக நிறுத்தினார். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூலை ஒரு முழம் எடுத்து, படத்தின் மூலையில் நுழைத்து, இட்லியை நூலால் அறுக்கிற மாதிரி மெதுவாக இழுத்து இழுத்து எடுத்தார். ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம். வராததை வம்புக்கு இழுக்கவில்லை, பக்கத்தோடு சேர்த்து அப்படியே ஸ்கேன் செய்துவிட்டார். ஓரமெல்லாம் நீலமும் வெள்ளியுமாகப் பளபளத்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேனரில் வைக்கவே இல்லை. காகிதத்தில் இருக்கிற வெள்ளி மேலே வந்துவிட்டது அக்கா, ஸ்கேனரில் வைத்தால் கூசும் என்று சொல்லி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்துக் கேமராவில் எடுத்தார்.

சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), படம் ஒன்றுக்கு 2 வெள்ளி, அதாவது ரிங்கிட். நெளிநெளி ஓரம் வைத்த தீப்பெட்டி அளவுப் படங்களுக்கு 1200 கேளுங்கள், 1 வெள்ளி கூட, கொடுக்கலாம். எங்களிடம் 1958-ல் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், எடுத்த படம் ஒன்று உண்டு, கிராணி (கணக்கர்), கங்காணி, பால்வாளியோடு பெண்கள் என்று 19 பேர். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு பெண்ணின் கைலிக்குப் பின்னால் பாதி முகமும் ஒரு கண்ணும் தெரிகிறது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது நான்டி" என்றார். அறுபது வருஷத்துக்கு மேலாக அந்தப் படத்தில் தான் இருப்பது அவருக்கே தெரியாது. 19 பேராக இருந்தது 20 ஆனது.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சொன்னால்தான் செய்வார்கள், அதற்குத் தனிக் காசு கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை, பாதி விலைக்குப் பேசி முடித்தேன். தாத்தா பென்சிலால் எழுதி வைப்பவர். துறைமுகத்தில் எடுத்த படம் ஒன்றின் பின்னால் "ராஜூலாவில் தம்பி வந்து இறங்கியது, 1956" என்று இருக்கிறது. 1926-ல் கட்டி 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. அந்த ஒரு வரி இல்லையென்றால் எங்களுக்கு அது யாரோ ஒருவர் பெட்டியோடு நிற்கிற படம், அவ்வளவுதான். கலிடோனியாத் தோட்டத்து 99 கதவு வீட்டுக்கு முன்னால் எடுத்த படத்திலும் ஏதோ எழுதி அழித்திருக்கிறார். அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரக் குடும்பத்து ராம்ஸ்டன் துரை 1948-ல் சுடப்பட்டு இறந்தது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை, இன்றைக்கும் பையன்கள் பேய் பார்க்க அங்கே போகிறார்கள். தாத்தா என்ன எழுதினார் என்று எவ்வளவு பெரிதாக்கியும் படிக்க முடியவில்லை.

இனி மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். பாட்டிக்கு இருப்பதே இரண்டு படம்தான். ஒன்று, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் மலாயாவில் அவசரகாலம் வந்து 1948-ல் எல்லாருக்கும் அடையாளக் கார்டு போட்டார்களே, அதற்கு எடுத்தது. இன்னொன்று 60-களில் லயத்து வாசலில், பின்னால் கோயில் திருவிழாப் பலகையோடு. இதுதான் நடுவில் கிழிந்து, முகத்துக்குக் குறுக்கே வெடிப்பு. சரிசெய்ய 40 வெள்ளி என்றார்கள், சரி என்றேன். ஒரு வாரத்தில் வாட்ஸ்அப்பில் வந்தது. வெடிப்பு இல்லை, கிழிசல் இல்லை, என் பாட்டியும் இல்லை! ஏஐ மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். அது இரண்டு பக்க மூக்குத்தியையும் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டு, மூக்கை எடுப்பாக்கி, தண்டட்டி போட்டுத் தோள்வரை தொங்கின காதைச் சின்னதாக்கி, நிறத்தையும் இரண்டு படி ஏற்றியிருந்தது. பலகையில் இருந்த தமிழ் எழுத்தெல்லாம் புழு நெளிகிற மாதிரி. அம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு, சினிமாக்காரியா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் நேரில் போய்ச் சத்தம் போட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி, எல்லாருக்கும் இப்படித்தான் அக்கா செய்கிறோம், தெளிவாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள் என்றார். இருக்கலாம். பாட்டியைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைக்கு அந்த முகம்தான் இனிமேல் பாட்டி, அதுதான் எனக்கு ஆத்திரம். அண்ணன் உள்ளேயிருந்து வந்து ஒன்றும் பேசாமல் படத்தை வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் ஆனது, கையாலேயே செய்திருந்தார், மறுபடி காசு வாங்கவில்லை. கிழிசல் போய்விட்டது. மூக்குத்தி இரண்டும் இருக்கிறது, காது காதாக இருக்கிறது. பலகைமேல் ஓடுகிற வெடிப்பை மட்டும் அப்படியே விடச் சொன்னேன், அதற்கடியில் என்ன எழுத்து என்று யாருக்கும் தெரியாதே, எதற்கு அவர்களாக ஒன்று எழுதுவது.

சின்னக் குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். வாட்ஸ்அப்பில் வருவது சுருங்கிப்போன படம், பென்டிரைவ் கொண்டுபோய் முழு ஃபைலை வாங்குங்கள், முடிந்தால் தரம் குறையாத டிஃப் ஆகவே. ஃபைல்களுக்கு வெறும் எண்தான் போட்டுத் தருகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொன்றுக்கும் நானே பெயர் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெரட்டுப் படத்தில் இதுவரை 12 பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. அதில் ஒருவரை, முகம் மங்கிப் போயிருந்தும், ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கிற நிலையை வைத்தே அம்மா கண்டுபிடித்தார்.

அடுத்து டின்னின் அடியில் கிடந்த நெகட்டிவ் சுருளைக் கொண்டுபோக வேண்டும். எடுத்து வருவதற்கு முன்னால் முகர்ந்து பாருங்கள், வினிகர் வாடை அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது, தாமதிக்காதீர்கள் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்குச் சளி, ஒன்றும் தெரியவில்லை. அம்மாவிடம் நீட்டினேன். ஒருமுறை முகர்ந்தார், இன்னொருமுறை முகர்ந்தார்.

"வினிகரெல்லாம் இல்ல, உங்க தாத்தா கள்ளுக்கடையிலேர்ந்து வந்து நிப்பாரே, அந்த வாடை."