செல்சுக் யோவான் பேராலயம்: இடிபாட்டை எப்படிப் பார்ப்பது

துருக்கியில் எபேசு நகர இடிபாடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பலர், பக்கத்து ஊரான செல்சுக்கில் அயாசுலுக் குன்றின் மேல் இருக்கும் யோவான் பேராலய இடிபாட்டுக்கு ஏறாமலே திரும்பிவிடுகிறார்கள். பைசாந்திய (கிழக்கு ரோமானிய) கட்டடக் கலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பெரிய இழப்பு. கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) 6ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியன் எழுப்பிய திருத்தூதர் பேராலயம் இன்று இல்லை. 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அதை இடித்து, அங்கே பாத்திஹ் மசூதியைக் கட்டினார். அதன் அமைப்பை நேரில் நடந்து புரிந்துகொள்ள ஏற்ற இடம், அதே ஜஸ்டினியன் கட்டிய இந்த யோவான் பேராலயம்தான். ஜஸ்டினியன் காலத்து வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸே இந்த இரு பேராலயங்களும் ஒத்தவை என்று எழுதியிருக்கிறார்.

சீட்டு வாங்கி உள்ளே போனதும் வருவது இரட்டைக் கோபுர வாசல். இதன் கற்களில் பல எபேசுவின் விளையாட்டரங்கிலிருந்து பெயர்த்து வந்தவை. இங்கிருந்து நேரே, திருத்தூதர் யோவானுடையதாக நம்பப்படும் கல்லறையை நோக்கி நடப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பக்கவாட்டில் நுழைந்தால் கட்டடம் வெறும் தூண் குவியலாகத் தெரியும். முதலில் மேற்கு முற்றத்துக்குப் போங்கள். குன்று சரிகிற இடத்தில் அடிக்கட்டுமானம் எழுப்பி, அதன் மேல் பரப்பிய முற்றம் அது. அங்கிருந்து முன்கூடம் வழியாகக் கிழக்கு நோக்கி வந்தால் சுமார் 130 மீட்டர் நீளமும் கண்ணில் விரியும்.

அடுத்து குவிமாடங்களை எண்ண வேண்டும். கூரை போய்விட்டது, ஆனால் எடையைத் தாங்கிய பெருந்தூண்களின் அடிப்பகுதிகள் இருக்கின்றன. கல்லறையைச் சுற்றி நிற்கும் நான்கையும் முதலில் அடையாளம் காணுங்கள். அவற்றுக்கிடையே நான்கு வளைவுகள், வளைவுகள் சேரும் மூலைகளில் வளைந்த முக்கோணங்கள், அவற்றின் மேல் செங்கல் குவிமாடம் என்று மனத்தில் எழுப்பிக்கொள்ளுங்கள். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, கிழக்கே ஒன்று, மேற்கே இரண்டு, நடுவிலுள்ளதோடு ஆறு. திருத்தூதர் பேராலயத்தில் ஐந்துதான். இங்கே சிலுவை வடிவக் கட்டடத்தின் மேற்குக் கை நீண்டதால் ஒன்று கூடியது. செங்கல் குவிமாடம் கீழே அழுத்துவதோடு நிற்பதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். பெருந்தூண்கள் இவ்வளவு பருமனாக இருப்பது அதனால்தான். அவற்றுக்கிடையே நிற்கும் மெல்லிய பளிங்குத் தூண்கள் பக்கக் கூடங்களைப் பிரித்தவை. குவிமாடத்தின் பாரம் அவற்றின் மேல் இல்லை.

வடபுறம் தூக்கி நிறுத்தியிருக்கும் அந்தப் பளிங்குத் தூண்களின் போதிகைகளை (தூண் உச்சியிலுள்ள செதுக்குக் கற்களை) அவசரப்படாமல் பாருங்கள். ஜஸ்டினியன், அவர் மனைவி தியோடோரா இருவரின் பெயரெழுத்துகளும் பின்னிச் செதுக்கப்பட்டுள்ளன. தியோடோரா இறந்தது 548இல். எனவே இந்தப் பகுதி பெரும்பாலும் அதற்கு முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும். முழுக் கட்டடத்தையும் '6ஆம் நூற்றாண்டு' என்று சொல்லிக் கடந்துபோவதைவிட இந்த ஒரு கல் கூடுதலாகச் சொல்கிறது.

கல்லறை மேடை எளிமையானது: சற்றே உயர்ந்த பளிங்குத் தளம், மூலைகளில் தூண்கள். இடைக்காலப் பயணிகள் இங்கிருந்து எழுவதாக நம்பிய புனிதத் தூசியைச் சேகரித்துச் சென்றார்கள். 1967இல் போப் ஆறாம் பவுல் இங்கே வந்தார். வடக்கே இருக்கும் எண்கோணத் திருமுழுக்குக் கூடத்தைத் தவறவிடாதீர்கள். தொட்டிக்குள் ஒருபக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும் படிகள் அப்படியே இருக்கின்றன. ஜஸ்டினியனுக்கு முந்தைய மரக்கூரைத் தேவாலயத்தைச் சேர்ந்தது அது. இந்தக் குன்றில் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கு நல்ல சான்று.

குறைகள் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் திரும்ப நிறுத்தியது எது, பழையது எது என்று பார்வையாளருக்கு எளிதில் பிரித்தறிய முடியவில்லை. மூட்டுகளில் வழவழப்பான புதுச் சாந்து தெரிந்தால் சந்தேகப்படலாம். வளாகத்தில் வைத்துள்ள மாதிரிக் கட்டடத்தைத் தூண்களை எண்ணிய பிறகு பாருங்கள். முன்பே பார்த்தால் கண் சோம்பேறியாகிவிடும்.

நிழல் மிகக் குறைவு. கோடையில் காலையிலேயே போய்விடுவது நல்லது. தேய்ந்த பளிங்கு வழுக்கும், பிடிப்பான காலணி வேண்டும். இஸ்மிரிலிருந்து ரயில் வசதி உண்டு, செல்சுக் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். குன்றின் மேற்குச் சரிவுக்குக் கீழே 1375இல் கட்டிய ஈசா பே மசூதி இருக்கிறது. இறங்கும்போது அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.