தேங்காய் எண்ணெய்க்கு வெளுப்பு மண்ணா, கரித்தூளா?

புகையில் உலர்த்திய கொப்பரையின் எண்ணெயைச் சுத்திகரிக்க இரண்டுமே உதவும். ஆனால் வேலை வேறு.

வெளுப்பு மண், அதாவது அமிலத்தில் பதப்படுத்திய பென்டோனைட் என்ற களிமண், நிறமிகளையும், சோப்பு மிச்சத்தையும், சிறிதளவு இரும்பு, செம்பையும் பிடித்துக்கொள்ளும். சுமார் 100 டிகிரி செல்சியஸில், வெற்றிடத்தில் கலக்கி வடிகட்டுவார்கள். விலையும் குறைவு. (எண்ணெய் ஊறிய பழைய மண்ணைக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே தீப்பற்றலாம்.)

ஆனால் புகையோடு வந்த பென்சோபைரீன் (புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ரசாயனம்) இந்த மண்ணில் அவ்வளவாகப் போகாது. அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் எனும் பதப்படுத்திய கரித்தூள்தான் சரி. நேரடியாக உண்ணும் தேங்காய் எண்ணெயில் பென்சோபைரீனைக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் வரைதான் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. தொல்லை என்னவென்றால், நுண்ணிய கரித்தூள் வடிகட்டியை அடைக்கும், எண்ணெயையும் குடிக்கும். அதனால் மண்ணோடு கொஞ்சம் கரி சேர்ப்பதே வழக்கம்.

வெயிலில் காய்ந்த கொப்பரை என்றால், மண்ணே போதும் என்பேன்.