ரிகோ ஜிஆர் 3, சோனி ஆர்எக்ஸ்100 ஏழு: எங்கே நின்று படம் எடுப்பீர்கள்?

என்னிடம் இருப்பது ரிகோ ஜிஆர் 3. தங்கையிடம் இருப்பது சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது மாடல். இரண்டும் 2019-இல் கடைக்கு வந்தவை, இரண்டுக்கும் பாக்கெட் கேமரா என்றுதான் பெயர். எது வாங்கலாம் என்று யாராவது கேட்டால், மெகாபிக்சலைப் பற்றி நான் பேச்செடுப்பதில்லை. படம் எடுக்கும்போது ஆளிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்பீர்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பதிலிலேயே பாதி முடிவாகிவிடும்.

ஜிஆரில் ஜூம் கிடையாது. 28 எம்எம் கோணம் (எம்எம் குறைந்தால் காட்சி அகலும், கூடினால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும்), அப்பர்ச்சர் என்கிற லென்ஸ் துளை எஃப் 2.8 (எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), அவ்வளவுதான். 1996-இல் வந்த ஜிஆர்1 ஃபிலிம் கேமராவிலும் இதே 28, இதே 2.8. ஜப்பானின் புகைப்படக்காரர் டெய்டோ மொரியாமா தெருத் தெருவாக நடந்து படம் எடுக்க இந்த ஜிஆர் வரிசை கேமராக்களையும் பயன்படுத்தியிருக்கிறார். சோனியிலோ 24 எம்எம்மிலிருந்து 200 எம்எம் வரை இழுக்கலாம்.

போன தை மாதம் தங்கையின் சின்ன மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் குழந்தை என் மடியில். இடது கை அவளைச் சுற்றியிருக்க, வலது கையில் ஜிஆர். அதன் முக்கியப் பொத்தான்கள் எல்லாமே வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் எட்டுகிற இடத்தில் இருப்பதால் ஒற்றைக் கையால் எடுக்க முடிந்தது. ஆசாரி கம்பியை எடுத்ததும் குழந்தை என் சட்டைப் பொத்தானைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்கள், ஆசாரியின் கை, பின்னால் குனிந்து பார்க்கும் அத்தைமார் முகங்கள், தரையில் பழத்தட்டு எல்லாம் ஒரே படத்தில் விழுந்தன. அதே நேரம் பதினைந்து அடி தள்ளி நின்ற தங்கை ஜூமை இழுத்து எடுத்த படத்தில் குழந்தையின் முகமும் என் முகமும் மட்டும். கண்ணில் திரண்டு இன்னும் விழாத ஒரு சொட்டு. அந்தப் படத்தை ஜிஆரில் என்னால் எடுத்திருக்கவே முடியாது. என் படத்தை அவள் நின்ற இடத்திலிருந்து அவளாலும் எடுத்திருக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறோம்.

பள்ளி ஆண்டு விழா என்றால் பேச்சே இல்லை, சோனிதான். பெற்றோர் வரிசையிலிருந்து ஜிஆரில் எடுத்தால் மேடை முழுக்க வரும், நம் பிள்ளை கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிவான். ஜிஆருக்குள்ளேயே 50 எம்எம் அளவுக்கு வெட்டி எடுக்கும் வசதி உண்டு. ஆனால் 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது ஏறக்குறைய 7 தான். கொஞ்சம் நெருக்கமான கோணம்தான் வேண்டும் என்றால் 2021-இல் வந்த ஜிஆர் 3எக்ஸைப் பார்க்கலாம், அது 40 எம்எம். மேடைக்கு அதுவும் எட்டாது.

இனி வெளிச்சம். இங்கேதான் பலர் விளம்பர வார்த்தையில் ஏமாறுகிறார்கள். சோனியில் இருப்பது ‘ஒரு இன்ச்’ சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) என்பார்கள். பெயரில்தான் இன்ச் இருக்கிறது. அளந்தால் 13.2 மில்லிமீட்டருக்கு 8.8, பரப்பில் சுமார் 116 சதுர மில்லிமீட்டர். ஜிஆரில் இருப்பது ஏபிஎஸ்-சி என்கிற பெரிய அளவு சென்சார், பரப்பு சுமார் 366. மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே இருட்டில், ஒரே அப்பர்ச்சரில், ஜிஆர் படம் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) சுத்தமாக இருக்கும். ஜூமை முழுக்க இழுத்தால் சோனி எஃப் 4.5-க்கு இறங்கிவிடும். மேடை விளக்கு மங்கலாக இருந்தால் முகத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும்.

ஆனால் 2014-இல் வந்த மூன்றாவது ஆர்எக்ஸ்100-ஐ இங்கே சொல்லியாக வேண்டும். அதில் ஜூம் 24 முதல் 70 எம்எம் வரைதான், லென்ஸோ எஃப் 1.8-இல் தொடங்குகிறது. 2.8-ஐவிட 1.8 சுமார் 2.4 மடங்கு வெளிச்சம் விடும். சென்சார் சின்னது என்கிற குறையில் பெரும்பகுதி, அகலக் கோணத்தில் அங்கேயே சரியாகிவிடுகிறது. 200 எம்எம் உங்களுக்கு வேண்டாம் என்றால் ஏழாவது மாடலுக்குக் காசை இறைக்காமல் நல்ல நிலையில் ஒரு பழைய மூன்றாவதைத் தேடுங்கள். நான் மனதாரச் சொல்லும் யோசனை இது.

பாக்கெட் கேமரா என்கிறோமே, பாக்கெட்டில் இருக்குமா? ஜிஆர் 33 மில்லிமீட்டர் தடிமன், பேட்டரி, கார்டோடு 257 கிராம். சட்டைப் பையில் போகும். சோனி 43 மில்லிமீட்டர், 302 கிராம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாகத் தொங்கும், பேன்ட் பைதான் சரி. பத்து மில்லிமீட்டர்தானே என்று கடையில் தோன்றும். நாள் முழுக்க அலைந்தால் அந்தப் பத்து நன்றாகவே தெரியும்.

திருவிழாக் கூட்டத்தில் ஜிஆரின் ஸ்னாப் போக்கஸ் எனக்குப் பெரிய வரம். தூரத்தை 2 மீட்டர் என்று முன்கூட்டியே வைத்து, அப்பர்ச்சரை எஃப் 8-இல் நிறுத்தினால் சுமார் 1 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்கும் அப்பால் வரை தெளிவாக விழும். பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா போக்கஸ் தேடி நிற்காது. தேர்வடம் பிடித்து ஓடுகிறவர்கள் நமக்காக அரை நொடி நிற்பார்களா என்ன?

அதே திருவிழாவில் உச்சி வெயில் ஏறியதும் சோனி முந்திவிடும். அதன் மூலையிலிருந்து ஒரு வ்யூபைண்டர் மேலே எழும்பும், கண்ணை வைத்துப் பார்க்கலாம். ஜிஆரில் அது இல்லை, திரையும் மடங்காது. பன்னிரண்டு மணிக்குத் திரையில் நம் முகம்தான் தெரியும். சோனியில் ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிறது, ஜிஆரில் வெளியே மாட்ட வேண்டும். வீடியோ? சோனி 4கே எடுக்கும், மைக் செருகலாம். ஜிஆரில் வீடியோவை மறந்துவிடுங்கள். வீடியோவே பிரதானம் என்றால் கேனன் ஜி7எக்ஸ் மூன்றாவது மாடலையும் பாருங்கள். 24-100 எம்எம், எஃப் 1.8-2.8, முகத்தைப் பார்த்துத் திரும்பும் திரை. வ்யூபைண்டர் மட்டும் இல்லை.

பேட்டரி இரண்டிலுமே சோகம்தான். கம்பெனிக் கணக்கே ஜிஆருக்கு 200 படம், சோனிக்கு 260. கூடுதல் பேட்டரி ஒன்று கட்டாயம். ஜிஆரை டைப்-சி வயரில் பவர்பேங்கிலிருந்தே ஏற்றலாம். சோனியில் பழைய மைக்ரோ யுஎஸ்பி, அதற்கென்று தனி வயர் தூக்க வேண்டும்.

தூசி விஷயத்தில் இரண்டையும் நம்பக்கூடாது. இரண்டுக்கும் தூசி, ஈரம் தடுக்கும் அடைப்பு கிடையாது. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போதெல்லாம் காற்றையும் சேர்த்து இழுக்கும். பல வருடத்துக்கு முன் வேறொரு குட்டி கேமராவைக் கடற்கரையில் வெறும் பையில் போட்டிருந்தேன். மணல் புகுந்து லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. சர்வீஸில் சொன்ன தொகை ஏறக்குறைய புதுக் கேமரா விலை. அன்றிலிருந்து ஜிப் உள்ள சின்ன உறை இல்லாமல் நான் கிளம்புவதில்லை. மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். இல்லையென்றால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும்.

பழையது வாங்கப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஜிஆர் என்றால் எஃப் 16, சோனி என்றால் எஃப் 11 வைத்து, வெள்ளைச் சுவரைப் போக்கஸ் இல்லாமல் மங்கலாக ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி மூலைக்கு மூலை பாருங்கள். சாம்பல் நிறத்தில் வட்டமாகப் புள்ளி தெரிந்தால் தூசி சென்சார் வரை போய்விட்டது. அப்புறம் சோனி என்றால் ஜூமைப் பத்து முறை இழுத்து விட்டு, ஜிஆர் என்றால் லென்ஸ் வெளியே வந்து உள்ளே போக விட்டு, காதருகே வைத்துக் கேளுங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.