ஓசிக் கச்சேரிக்கு எதைக் கொடுக்கிறோம்?

நகரத்தில் காசு செலவில்லாமல் பாட்டுக் கேட்க வழியா இல்லை? பூங்காவில் விழா நடக்கிறது. பெரிய அரங்கத்தின் முகப்புக் கூடத்தில் மதிய வேளையில் யாராவது வாசிக்கிறார்கள். இசைக் கல்லூரியில் மாணவர்கள் மேடை ஏறுகிறார்கள். மாலையானால் அதே பெரிய அரங்கில் நின்று கேட்க மலிவு டிக்கெட் தருகிறார்கள். எல்லாம் ஒன்றுதான், எது கைக்கு எட்டுகிறதோ அதற்குப் போகலாம் என்றுதான் நானும் வெகுநாள் இருந்தேன். ஏழெட்டு மாலைகள் வீணான பிறகு ஒன்று புரிந்தது. டிக்கெட்டுக்குக் கொடுக்காததை வேறு எதிலோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஓர் இடத்தில் அது நேரம், இன்னோர் இடத்தில் கால்வலி. சில இடங்களில் பாட்டே சரியாகக் கேட்காது. எதைக் கொடுக்க நம் மனம் ஒப்பும் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் எங்கே போவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பூங்காவும் தெருவும்

இலவசம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது திறந்தவெளி விழாதான். வியன்னாவில் டான்யூப் நதித் தீவில் ஆண்டுதோறும் நடக்கும் விழாவுக்கு மூன்று நாளில் சுமார் 30 லட்சம் வருகைகள் என்று கணக்குச் சொல்வார்கள். (வருகைதான், ஆள் இல்லை. ஒரே ஆள் மூன்று நாளும் போனால் மூன்று.) நுழைவுக் கட்டணம் கிடையாது.

கூட்டம், கொண்டாட்டம் எல்லாம் சரி. காதுக்கு என்ன கிடைக்கிறது? அரங்கத்துக்குள் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பி நம்மிடம் சேர்க்கின்றன. வெளியில் அந்த உதவி இல்லை. ஓரிடத்திலிருந்து கிளம்பும் ஒலி, தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறைகிறது. காற்று திசை மாறினால் ஒரு வரி கேட்கும், அடுத்த வரி பறந்துவிடும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அங்கிருந்து ஒலி வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகிறது. பெரிய திரையில் பாடகர் வாயை மூடிய பிறகு சொல் வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அதற்காகத்தான் ஒருமுறை அடித்துப் பிடித்து முன்வரிசைக்குப் போனேன். உட்கார்ந்த இடம் சரியாக பேஸ் ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே. இரண்டு மணி நேரமும் வயிற்றில் குத்து வாங்கிக்கொண்டிருந்தேன். மேடையில் ஒரு பெண் வயலின் வாசித்தார். வில் போவதும் வருவதும் தெரிந்தது, ஒரு ஸ்வரம்கூடக் காதில் விழவில்லை. அன்றிலிருந்து என் கணக்கு வேறு. கூட்டத்தின் நடுவில் ஒலிப் பொறியாளர் ஒலிகளைக் கலந்து அளவாக்கும் மிக்ஸர் கருவியோடு ஒரு கூடாரத்தில் இருப்பார். அவர் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் மொத்தத்தையும் சரிசெய்கிறார். அந்தக் கூடாரத்தை ஒட்டி இடம் பிடித்தால் போதும், முன்வரிசைக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை.

தெருவிசை வேறு ரகம். பிரான்சில் 1982இல் பண்பாட்டுப் பழக்கங்கள் பற்றிய ஓர் ஆய்வு, நாட்டில் சுமார் 50 லட்சம் பேர் ஏதாவது ஒரு கருவி வாசிக்கிறார்கள் என்று சொன்னது. இவ்வளவு பேர் வாசிக்கிறார்கள், ஆனால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அப்போதைய கலாசார அமைச்சர் ஜாக் லாங்கும் இசைத்துறை இயக்குநர் மோரிஸ் ஃப்ளூரேயும் அவர்களையெல்லாம் ஒரே நாளில் தெருவுக்கு அழைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் 21இல் தொடங்கிய அந்த இசைத் திருநாள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. எங்கும் இலவசம். அங்கே போய்த் தரத்தை அளந்துகொண்டு நிற்கக் கூடாது. நடந்துகொண்டே கேட்பதுதான் முறை. ஒரு முனையில் பத்து நிமிடம், பிடிக்காவிட்டால் அடுத்த முனை. இரண்டு குழுக்களின் சத்தம் மோதிக்கொள்ளும் மூலையில் மட்டும் நிற்காதீர்கள்.

பூங்காவிலேயே இருக்கை போட்டு நடத்தும் நாடகமும் உண்டு. அங்கே நுழைவு இலவசம், வரிசை இலவசமில்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் 1962இல் திறந்த டெலகார்ட் அரங்கில் சுமார் 1,800 இருக்கைகள். டிக்கெட்டுக்குக் காசில்லை, ஆனால் இரவு ஆட்டத்துக்குக் காலையிலிருந்தே வரிசை நிற்கும். அந்த இலவசமும் சும்மா வந்துவிடவில்லை. அந்த அரங்கு வருவதற்கு முன்பே பூங்காவில் இலவச நாடகம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் மிதித்துப் புல் அழிகிறது, அதற்கு ஈடுகட்ட டிக்கெட் போட்டு வசூல் செய் என்று பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் 1959இல் பிடிவாதம் பிடித்தார். நாடகத்தை நடத்திய ஜோசப் பாப் நீதிமன்றத்துக்குப் போய் ஜெயித்தார். ஆக, புல்லுக்கான காசு நமக்கு மிச்சம். அரை நாள் மிச்சமா என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது.

நின்று கேட்பது

இங்கே கையிலிருந்து கொஞ்சம் காசு போகும். உட்காரும் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் சின்னப் பங்குதான். ஆனால் கிடைப்பதைப் பாருங்கள். லண்டனில் ஆண்டுதோறும் நடக்கும் ப்ராம்ஸ் (Proms) இசை விழாக் கச்சேரிகளில் மேடைக்கு நேர் எதிரே இருக்கும் தரைப்பகுதி முழுவதும் நிற்பவர்களுக்குத்தான். அதிகம் கொடுத்தவர்கள் அவர்களைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். 1895இல் ராபர்ட் நியூமன் இதைத் தொடங்கியபோதே, முதலில் ஜனரஞ்சகமானதைக் கொடுத்து மக்களை மெல்ல மெல்ல கனமான இசைக்குப் பழக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். ஹென்றி வுட் இசைக்குழுவை நடத்தினார். உள்ளே நடக்கலாம், சாப்பிடலாம், புகையும் பிடிக்கலாம். பாடகர் பாடும்போது மட்டும் தயவுசெய்து தீக்குச்சி கிழிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்களாம்.

வியன்னா அரசு ஓப்பரா அரங்கிலும் நிற்கும் இடங்கள் உண்டு. அங்குள்ள பழக்கம் நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. உள்ளே போனதும் கைப்பிடிக் கம்பியில் ஒரு கழுத்துத் துணியைக் கட்டிவிட்டு வெளியே போய்விடலாம், திரும்பி வரும்வரை இடம் உங்களுடையது. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் அதே வித்தை. பேருந்தில் அதற்குச் சண்டை வரும், அங்கே வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்பெருக்கி இல்லாத ஒலி, நல்ல சுவர்கள், உலகத் தரமான குழு. காதுக்கு மட்டும் மதிப்பெண் போட்டால், இலவசத் திறந்தவெளியை இந்த மலிவு டிக்கெட் ஒவ்வொரு முறையும் தோற்கடித்துவிடும். விலை காலில்தான். வாக்னர் ஓப்பரா என்றால் நான்கைந்து மணி நேரம்; முதல்முறை போகிறவர் அதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டாவது இடைவேளைக்கு மேல் இசை காதில் ஏறாது, முட்டிதான் பேசும். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியாகப் பார்த்துத் தொடங்குங்கள். முதுகு ஒத்துழைக்காதவர்கள் இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதே நல்லது.

மதியக் கச்சேரி

1939இல் போர் வந்ததும் லண்டனின் தேசிய ஓவியக் கூடத்தில் இருந்த ஓவியங்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் சுவர். மாலை நிகழ்ச்சிகளும் நின்றுபோயிருந்தன. பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் அந்த வெற்றுக் கூடத்தில் மதிய நேரத்தில் கச்சேரி வைக்கலாம் என்றார். கட்டணம் ஒரு ஷில்லிங். அந்த அக்டோபரில் தொடங்கி 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள் நடந்தன, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து கேட்டார்கள். அவர் பெயரில் சிகாகோவில் இன்றும் வாராவாரம் இலவச மதியக் கச்சேரி நடக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் கொன்செர்ட்கெபாவிலும் பெர்லின் ஃபில்ஹார்மொனியின் முகப்புக் கூடத்திலும் இதே ஏற்பாடு உண்டு, அங்கும் காசில்லை.

அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் இருக்கும். மாலை டிக்கெட்டுக்குப் பெருந்தொகை கேட்கும் அதே குழுக்களின் கலைஞர்கள்தான் சில சமயம் வாசிப்பார்கள். பிடிக்காவிட்டால் இழப்பு அரை மணிதான். இதன் குறை, வேலைநாளில் நடப்பது. அலுவலகம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு எட்டாக்கனி.

யாரும் கவனிக்காத இடம்

என்னைக் கேட்டால் முதலிடம் இசைக் கல்லூரிக்குத்தான். ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் கல்லூரி 1924இல் தொடங்கியது. 1928 முதல் அங்கே மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. மாணவர்களின் தனிக் கச்சேரிகளைக் கேட்கவும் காசு வேண்டாம். இசை கற்பிக்கும் கல்லூரி உள்ள எந்த நகரத்திலும் இப்படி ஏதாவது நடக்கும். விளம்பரம் செய்ய மாட்டார்கள். கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலோ இணையப் பக்கத்தின் ஏதோ ஒரு மூலையிலோ தேதி இருக்கும், படிப்பாண்டின் கடைசி மாதங்களில் வரிசையாக வரும்.

நான் போன ஒன்றில் மொத்தம் இருபது பேர், அதில் பாதி உறவினர்கள். செல்லோ வாசித்த பையன் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு அவன் மூச்சை இழுத்துப் பிடித்து வில்லை வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. நடுவில் ஓரிடம் தடுமாறியது. அதை அவன் எப்படிச் சமாளித்து வெளியே வருகிறான் என்று எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டோம். பெரிய அரங்கில் தவறே நடக்காது என்ற நம்பிக்கையில் சாய்ந்து உட்கார்ந்து கேட்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த மாணவர்களில் யாராவது பத்து வருடத்தில் பெரிய ஆளாகலாம், ஆகாமலும் போகலாம். அன்றைய கச்சேரிக்கு அது தேவையில்லை.

மிச்சமிருப்பவை

உண்டியல் குலுக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எடின்பரோவில் 1947இல் நடந்த சர்வதேசக் கலை விழாவுக்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து ஆடியதில்தான் ஃப்ரிஞ்ச் விழா பிறந்தது. இன்று அங்கே இலவச நிகழ்ச்சிகள் ஏராளம், முடிந்ததும் கலைஞரே வாசலில் வாளியோடு நிற்பார். எழுந்து போக உங்களுக்கு உரிமை இருப்பதால் துணிந்து எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் சிரித்துவிட்டு வாளியைக் கண்டதும் செல்போனை நோண்டிக்கொண்டு நழுவுவது அசிங்கம். தங்குவதற்கும் பயணத்துக்கும் அவர் கைக்காசுதான் போட்டிருப்பார். சினிமா டிக்கெட்டில் பாதியாவது போடுங்கள். இதை இலவசம் என்று நான் கணக்கில் வைப்பதே இல்லை.

தன்னார்வலராகச் சேர்ந்து ஓசியில் நுழைவது இன்னொரு வழி. ஆட்களைப் பழக்கம் பிடிக்க நல்லது, பாட்டுக் கேட்க உதவாது. உங்களுக்குப் பிடித்த குழு மேடை ஏறும் நேரத்தில் நீங்கள் வாகன நிறுத்தத்தில் கை காட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம், சின்னக் குழந்தையோடு போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன வரிசையை அப்படியே தலைகீழாக்கிவிடுங்கள். பூங்காதான் சரி. மூன்றாவது பாட்டில் குழந்தை எழுந்து ஓடும். ஓடட்டும், அங்கே யாரும் திரும்பிப் பார்த்து முறைக்க மாட்டார்கள்.