ஹோண்டா சிவிக் எஃப்டி2 டைப் ஆர்: கியர் எண்ணெயை வீட்டிலேயே மாற்றி ஓட்டியதில் தெரிந்தவை

பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் எஃப்டி2 வைத்திருப்பவர் பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான்: "நம்ம ஊரு சூட்டுக்குக் கெட்டி எண்ணெய் ஊத்துங்க தம்பி, அப்பதான் கியர்பாக்ஸ் தாங்கும்." இரண்டு விதமாகவும் நெடுநாள் ஓடிய காடிகளைப் பார்த்தபின் சொல்கிறோம், இந்தப் பெட்டிக்கு அது ஒத்துவராது. ஹோண்டாவின் எம்டிஎஃப் (கையால் மாற்றும் கியர்பாக்ஸுக்கான எண்ணெய்) போதும். அதைத் தள்ளிப்போடாமல் மாற்றினால் சரி.

2007-இல் ஹோண்டா மலேசியா இங்கே விற்க ஆரம்பித்த காடி இது. 225 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 8,400 சுற்று வரை போகும் கே20ஏ இன்ஜின். ஆறு கியர், சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் ஃபைனல் டிரைவ், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் எல்எஸ்டி எல்லாம் ஒரே கூட்டுக்குள். அத்தனைக்கும் சேர்த்து மாற்றும்போது உள்ளே போவது 1.5 லிட்டர்தான். சிம்பாங் பூலாய் மலைச்சாலையில் வேகமாக ஏறி இறங்கினால் இந்தச் சின்ன அளவு எவ்வளவு பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கியர் மாற்றும்போது சின்க்ரோ என்ற வளையம் கியரின் கூம்பு வடிவப் பாகத்தை (கோன்) கவ்வித்தான் இரண்டு பக்க வேகத்தையும் சமப்படுத்துகிறது. கவ்வ வேண்டுமானால் உராய்வு வேண்டும். ஜிஎல்-5 என்ற தர கியர் எண்ணெயில் அழுத்தம் தாங்கச் சேர்க்கும் கந்தகக் கலவை அந்த உராய்வைக் கெடுக்கும், பித்தளைப் பாகங்களையும் நாளாவட்டத்தில் அரிக்கலாம். எண்ணெய் கெட்டியாக இருந்தால் படலம் விலகி வளையம் கோனைத் தொடவே தாமதம். குளிர் நாட்டில் இது காலையிலேயே தெரிந்துவிடும். பேராக்கில் காலையும் சூடுதான், அதனால் மறைந்தே இருக்கும். மேல் சுற்றில் 2-லிருந்து 3-க்குத் தட்டும்போது "கர்ர்" என்று காட்டிக்கொடுக்கும்.

தேவையானவை: எம்டிஎஃப் ஒரு லிட்டர் போத்தல் இரண்டு, 17 மி.மீ. ஸ்பேனர், 3/8 அங்குல ரேட்செட், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச், இரண்டு புது அலுமினிய வாஷர் (ஊற்றும் போல்ட்டுக்கு 20 மி.மீ., வடிக்கும் போல்ட்டுக்கு 14 மி.மீ.), ஒரு மீட்டர் தெளிவான குழாயும் புனலும். வடிக்கும் போல்ட்டுக்கு சாக்கெட் வேண்டாம், அதன் சதுரக் குழியில் ரேட்செட்டே நேராக உட்காரும்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வாருங்கள். தோட்டத்து வீட்டு வாசல் பெரும்பாலும் மண்தான். ஜாக்கும் ஸ்டாண்டும் மழைக்குப் பிறகு இறங்கிவிடும். தடித்த பலகை போடாமல் காடிக்கு அடியில் போகவே போகாதீர்கள். நான்கு பக்கமும் ஒரே மட்டமாகத் தூக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கி ஊற்றினால் ஊற்றும் துவாரத்தில் தெரியும் எண்ணெய் மட்டம் பொய்.

கியர்பாக்ஸ் இடப்பக்கம், அதாவது பயணி பக்க முன்சக்கரத்தை ஒட்டி இருக்கிறது. செம்பனை லோரி ஓடும் சாலையில் புழங்கும் காடி என்றால் அங்கே செம்மண் அப்பிக் கிடக்கும். பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டுத்தான் போல்ட்டில் கைவைக்க வேண்டும். மண் துகள் உள்ளே விழுந்தால் பேரிங்குக்குக் கேடு.

முதலில் மேலே உள்ள 17 மி.மீ. ஊற்றும் போல்ட்டைத் தளர்த்துங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. வடித்துவிட்டு மேல் போல்ட் கழல மாட்டேன் என்றால் காலிப் பெட்டியோடு காடி வாசலிலேயே நிற்கும். பிறகு கீழே உள்ள வடிக்கும் போல்ட்.

வடிந்ததை அளவுப் பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள், பலர் விடும் வேலை இது. 1.5 லிட்டருக்கு நன்றாகக் குறைந்தால் டிரைவ்ஷாஃப்ட் சீலில் கசிவு இருக்கிறதா என்று தேட வேண்டும். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. வெள்ளத்தில் இறங்கிய காடியில் இது சாதாரணம். அழுகிய முட்டை போலக் கந்தக வாடை அடித்தால் முன்பு யாரோ ஜிஎல்-5 ஊற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம், எம்டிஎஃப்புக்கு அந்த வாடை கிடையாது. வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்தும் சில்லு வந்தால் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

புது வாஷரோடு கீழ்ப் போல்ட்டை 39 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கூடு அலுமினியம், நீளக் கம்பி மாட்டி இழுத்தால் மரை போய்விடும். இன்ஜின் பக்கம் மேலிருந்து குழாயை இறக்கி மெதுவாக ஊற்றுங்கள், துவாரத்தில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, சொட்டு நின்றபின் மேல் போல்ட்டைப் புது வாஷரோடு 44 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

மாற்றியதும் லீவர் இலகுவாக விழும். ஆனால் தேய்ந்த மூன்றாம் கியர் சின்க்ரோவை எந்த எண்ணெயும் குணமாக்காது. இன்னொன்று, கிளச்சை மிதித்துச் சில நொடி பொறுத்துப் போட்டாலும் ரிவர்ஸ் கரகரத்தால் சின்க்ரோவைச் சந்தேகிக்காதீர்கள். கிளச் முழுதாக விடுபடவில்லை, அதன் ஹைட்ராலிக் பக்கம் பாருங்கள்.

தினசரி ஓட்டத்துக்கு 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது எங்கள் கணக்கு. சிப்பாங் பந்தயத் தளத்தில் ஓட்டினால் திரும்பியதும் மாற்றிவிடுவோம்.

பழைய எண்ணெயைக் கரையானுக்கென்று வேலிக்கம்பத்தில் பூசும் பழக்கம் தோட்டத்தில் இன்னும் உண்டு, வேண்டாம். கழிவு மசகெண்ணெய் சட்டப்படி எஸ்டபிள்யூ 305 என்ற பட்டியலிட்ட கழிவு. மூடிய போத்தலில் கொண்டுபோய், கழிவெண்ணெய் பீப்பாய் வைத்திருக்கும் பட்டறையில் கேட்டு ஊற்றிவிடுங்கள்.