தாதிமை இல்லங்களில் குளோரின் மாத்திரை: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

ஓர் அறையில் தொடங்கிய வாந்தியும் வயிற்றுப்போக்கும் மறுநாளே பக்கத்து அறைக்குத் தாவினால் முதலில் நோரோவைரஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆல்கஹால் ஹேண்ட்ரப் அதற்குப் போதாது. கைக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும். கட்டில் கம்பி, அழைப்பு மணி, கொமோட் நாற்காலிக்குக் குளோரின். அந்தக் குளோரினைப் போத்தல் பிளீச்சாக வாங்குவதைவிடக் கரையும் மாத்திரையாக வாங்குவதே மேல்.

காரணம் அளவு. 5 விழுக்காடு பிளீச் 20 மில்லிலிட்டரில் தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்கினால் 1,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு குளோரின்) வர வேண்டும். சிங்கப்பூர் வெக்கையில் ஸ்டோர் அறையில் கிடக்கும் பிளீச்சோ நாளுக்கு நாள் வீரியம் இழக்கிறது. அவசரத்தில் ஊற்றுவதும் கண்மதிப்பில்தான். மாத்திரையில் அந்தத் தடுமாற்றம் குறைவு. ஆனால் 1 லிட்டருக்கான மாத்திரையையும் 5 லிட்டருக்கானதையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். டப்பா மூடியையும் உடனே இறுக்குங்கள். ஈரக்காற்று பட்டால் மாத்திரை கெட்டுவிடும்.

பலர் கோட்டைவிடுவது அழுக்கில். சோற்றுப்பருக்கை ஒட்டிய கம்பியில் நேராகத் தெளித்தால் குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும், கிருமி தப்பிவிடும். கையுறை, முகக்கவசம், ஏப்ரன் அணிந்து வாந்தியைக் காகிதத் துண்டால் அள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவி, அதன் பிறகே குளோரின். லேபிளில் 10 நிமிடம் என்றிருந்தால் அந்த 10 நிமிடமும் இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். மின்விசிறிக்கு நேர்கீழே அது சீக்கிரம் காய்ந்துவிடும், மீண்டும் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் துடைக்காவிட்டால் உலோகக் கம்பி துருப்பிடிக்கும்.

சிறுநீர் சிந்திய இடத்தில் குளோரினை நேரடியாக ஊற்றவே கூடாது. அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தோடும் சேர்க்கக் கூடாது. இரண்டிலும் நச்சு வாயு கிளம்பும். நுரையீரல் பலவீனமான முதியவர் பக்கத்துக் கட்டிலிலேயே படுத்திருப்பார்.

ஸ்கேபிஸ், அதாவது தோலுக்குள் துளைக்கும் நுண்பூச்சியால் வரும் சொறி, பரவும்போது இந்த மாத்திரையை நம்ப வேண்டாம். அதற்கு 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பும், 60 டிகிரியில் துவைத்த படுக்கை விரிப்பும் வேண்டும். கூட இருந்தவர்களுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தர வேண்டும்.

கலக்கிய குளோரின் கரைசலின் வீரியம் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. பெற்றோரைச் சேர்க்க இல்லம் பார்க்கப் போகிறவர்கள் துப்புரவுத் தள்ளுவண்டியில் இருக்கும் போத்தலைக் கவனியுங்கள்: கலக்கிய தேதி, நேரம், அளவு மூன்றும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாமல் இருந்தால் தயங்காமல் தாதியிடம் கேளுங்கள்.