மதுரையிலிருந்து ஒரு பழந்துறைமுகம் பார்க்க: கொற்கையா, கீழக்கரையா, தொண்டியா?

பாண்டியர் தலைநகரம் கடலுக்கு எட்டாத தொலைவில் இருந்தாலும், அதன் செல்வத்தில் பெரும்பங்கு கடல்வழியே வந்து சேர்ந்தது. முத்தும் சங்கும் கப்பலேறிப் போயின. பொன்னும் குதிரையும் கரையிறங்கின. அந்த வாணிகத்தைச் சுமந்த துறைகளுள் மூன்றை மதுரைக்காரர்கள் ஒன்றிரண்டு நாள் விடுமுறைக்குள் பார்த்துவிடலாம். தாமிரபரணி வடிநிலத்தில் கொற்கை, மன்னார் வளைகுடாவில் கீழக்கரை, பாக் நீரிணையில் தொண்டி ஆகியவையே அவை. பூம்புகாரையும் நாகப்பட்டினத்தையும் தொலைவு கருதி இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

எந்த ஊருக்குப் போவது என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் எது பழமையானது என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். கப்பல்கள் வருவது நின்ற பிறகும் அந்த வட்டாரத்தில் எந்த வழிபாடு தொடர்கிறது, எந்தக் கைத்தொழில் இன்னும் சோறு போடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அப்படிப் பார்க்கும்போது மூன்று ஊர்களின் வரிசையே மாறிவிடுகிறது.

பழமையில் கொற்கையை வெல்ல மற்ற இரண்டாலும் முடியாது. சங்கப் பாடல்கள் அதன் முத்தைப் புகழ்கின்றன, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே முத்துக் குளிக்கப்பட்டதாகச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தார். 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. கண்ணகி கதையில், பாண்டியன் நெடுஞ்செழியன் இறந்த பிறகு பட்டமேற்ற வெற்றிவேற்செழியன் இருந்ததும் கொற்கையில்தான். ஆக, மதுரைக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு வெறும் வாணிக உறவு மட்டுமன்று.

ஆனால் இவ்வளவையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு கொற்கையில் போய் இறங்குபவர் முதலில் காண்பது வாழைத் தோட்டங்களைத்தான். தாமிரபரணி காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனதால், இன்று கடல் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. துறைமுகமும் கடலைத் தொடர்ந்து பழையகாயலுக்கு இடம் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்திறங்கி, குதிரை வாணிகத்தைக் கண்டு எழுதிய காயல் அதுவே என்பர். ஆற்றின் அந்தக் குணம் இன்றும் மாறிவிடவில்லை. 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தில் ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் பட்ட பாட்டை நினைத்தால், ஒரு துறைமுகத்தையே தூர்க்க ஓர் ஆற்றால் எப்படி முடிந்தது என்பது விளங்கும்.

கொற்கை ஊருக்குள் பார்க்க வேண்டியவை சில உண்டு. குளத்தையொட்டி வெற்றிவேல் செழியநங்கை அம்மன் கோயில் இருக்கிறது. அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில், நாணயம் அடித்த சாலை இங்கே இருந்ததைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது. சாய்ந்தும் குடைந்தும் போயும் இன்னும் துளிர்க்கிற வன்னிமரத்தை, ஈராயிரம் ஆண்டு கண்ட மரம் என்று ஊரார் காட்டுகிறார்கள். இவை எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். வழிகாட்டிப் பலகைகளை நம்பிப் போகக் கூடாது; ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டு, அவரோடு நடப்பதே நல்லது. கேட்டால் மனமுவந்து கூட வருகிற ஊர் அது.

அதனால் கொற்கையை மட்டும் நம்பி மதுரையிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொற்கைப் பயணத்தின் பலன் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய, இறந்தோரைத் தாழியில் வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிக் காட்டில், 2023இல் திறக்கப்பட்ட காட்சியகம் அகழ்ந்த குழிகளை இருந்த இடத்திலேயே கண்ணாடிக்குக் கீழே காட்டுகிறது. தாழிகள் மண்ணில் கிடக்கிற கிடையைக் காலடியில் பார்த்த பிறகு கொற்கைக்குப் போனால், அந்த வாழைத் தோட்டங்களுக்கு அடியில் என்ன இருக்கக்கூடும் என்பதை மனம் தானே எண்ணிப் பார்க்கும். முதலில் கொற்கை, பிறகு ஆதிச்சநல்லூர் என்று போகிறவர்களுக்கு இந்தப் பயன் கிடைப்பதில்லை.

கோயில்களைப் பொறுத்தவரை இந்தப் பக்கம் குறைவே இல்லை. நவதிருப்பதிகள் எனப்படும் பெருமாள் கோயில்கள் ஒன்பதும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றுள் ஆழ்வார்திருநகரிக்கு மட்டும் அரைநாள் ஒதுக்க வேண்டும். நம்மாழ்வார் எழுந்தருளியிருந்த உறங்காப்புளி என்னும் புளியமரம், கல்லில் குடைந்த நாகசுரம், திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் போல இங்கும் அற்றுப்போகாமல் நடந்துவருகிற, பாசுரங்களை அபிநயத்தோடு பாடும் அரையர் சேவை என்று ஒரே ஊரில் இவ்வளவு இருக்கிறது. வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் ஒன்பது கருட சேவை நாளில் ஊர் நிரம்பி வழியும். கூட்டம் தாங்காதவர்கள் வேறு மாதத்தில் போவது நலம்.

கைத்தொழில் என்று வரும்போது பத்தமடைப் பாயைச் சொல்லாமல் இருக்க முடியாது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, அதன்பின் மெல்லிய ஈர்க்குகளாகக் கிழித்துச் சாயமேற்றி, பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக ஓட்டி நெய்கிறார்கள். லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் தொழில் இது. கலியாணப் பாயில் மணமக்கள் பெயரையும் நெய்து தருவார்கள். நல்ல பாய்க்கு அடையாளம், துணியைப் போல மடித்தாலும் கோரை ஒடியாது. விரலால் தடவினால் இழைகளின் மேடு பள்ளம் கைக்குத் தட்டுப்படாது. விலை அதிகம்தான், ஆனால் ஒரு பாயின் பின்னால் இருக்கும் வேலை நாட்களைக் கேட்டறிந்தவர் பேரம் பேச மனம் துணியமாட்டார். பத்தமடைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கொற்கை திருநெல்வேலிக்குக் கிழக்கே, பத்தமடை மேற்கே சேரன்மகாதேவிப் பக்கம். இரண்டையும் ஒரே நாளில் அடக்க நினைப்பது வீண் அலைச்சல்.

கீழக்கரையின் கதை வேறு. இங்கே கடல் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. தெருக்களின் முடிவில் நீலம் தெரிகிறது. கரையில் வள்ளங்கள் நிற்கின்றன. கொற்கையில் கற்பனை செய்துகொள்ள வேண்டியதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம். பழமையான ஜும்மா பள்ளிவாசலின் தோற்றத்தை ஊர் மரபு கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது. இன்று நிற்கிற கற்கட்டடத்தை 17ஆம் நூற்றாண்டின் வள்ளல் சீதக்காதியோடு சேர்த்துச் சொல்கிறார்கள். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் நாளும் சொல்கிற அந்த மனிதர் இந்த ஊர்க் கப்பல் வணிகர்; இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். பள்ளிவாசலுக்குள் நிற்கும் தூண்களைப் பார்த்தால் மதுரைக்காரர்கள் ஒரு கணம் திகைப்பார்கள். நம் கோயில் மண்டபத் தூண்களைச் செதுக்கிய அதே மரபின் கைகள், உருவங்களை மட்டும் விலக்கி, பூவும் கொடியுமாகச் செதுக்கியிருக்கின்றன. திராவிடக் கட்டடக் கலை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நம் பக்கத்தில் நான் அறியேன். தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை நண்பகலையும் தவிர்த்துச் சென்று, வாசலில் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டே உள்ளே போக வேண்டும். பெண்கள் உள்ளே வரலாமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்வது முறை.

கோயில்கள் கீழக்கரைக்குப் போகும் வழியிலேயே இருக்கின்றன. 'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று பேர்பெற்ற உத்தரகோசமங்கையில், மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்பு களையப்படும்; அந்தத் தரிசனத்துக்கு வருகிற கூட்டத்தைச் சொல்லி மாளாது. மாணிக்கவாசகர் உருகிப் பாடிய தலம், மற்ற நாட்களில் அமைதியாக இருக்கும். இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகும் சாலையில் திருப்புல்லாணி வருகிறது. தர்ப்பைப் புல்லின் மேல் இராமன் சயனித்திருக்கும் கோலத்தை இங்கே சேவிக்கலாம். அங்கிருந்து சேதுக்கரைக் கடல் கூப்பிடு தூரம்தான். ஆழ்வாரும் மாணிக்கவாசகரும் பாடிய மண்ணும், கடலோடிய முஸ்லிம் வணிகர்களின் ஊரும் ஒரே நாள் பயணத்துக்குள் இப்படி அடுத்தடுத்து அமைவது வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

கீழக்கரையின் கைத்தொழில் கடலிலிருந்து தொடங்குகிறது. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்கு கரைக்கு வரும்போது பழுப்பேறிய தோலோடுதான் இருக்கும். அதை உரித்துத் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து வெண்மை வெளிப்படுகிறது. வங்காளத்துச் சுமங்கலிப் பெண்கள் அணியும் சங்கு வளையலுக்கு இந்தக் கரைச் சங்குதான் காலங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கடைகளில் அழகுக்காக விற்கும் பவளப்பாறைத் துண்டுகளை மட்டும் தொடக் கூடாது. அவற்றை வாங்குவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கும் மேலாக, மீன் குஞ்சு பொரிக்கிற வீட்டைப் பெயர்த்து எடுத்துவந்த குற்றமும் சேரும். சங்கைவிட எனக்கு நெருக்கமானது இந்த மாவட்டத்துப் பனையோலை வேலை. குருத்தோலையை வெயிலில் வெளுக்கவைத்து, ஈர்க்கை நீக்கி, சாயத்தில் தோய்த்துப் பெண்கள் முடைகிற பெட்டிகளும் கொட்டான்களும் விலை மலிவு, உழைப்பு மிகுதி. ஊருக்குத் திரும்பும்போது தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய தொதல் வாங்காமல் வரக் கூடாது. இலங்கையிலும் மலேயாவிலும் கிண்டுகிற அதே பண்டம் கீழக்கரை அடுப்பிலும் கொதிப்பதிலிருந்தே இவ்வூர்க் கப்பல்கள் எங்கெங்கே போய்வந்தன என்பது புலப்படும்.

தொண்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அகிலும் பட்டும் சந்தனமும் கற்பூரமும் கொண்டுவந்த கப்பல்கள் பாண்டிய நாட்டுக்குள் சரக்கிறக்கிய பழந்துறை என்ற புகழ் அதற்கு உண்டு. இன்று அது அமைதியான மீன்பிடி ஊர். மதுரை–தொண்டிச் சாலையில் வரும் காளையார்கோவிலும் திருவாடானையும் பாடல் பெற்ற தலங்கள். கைத்தொழிலுக்குக் காரைக்குடிப் பக்கம் திரும்பி, கண்டாங்கிச் சேலையையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பார்க்கலாம். ஆனால் அதைத் தொண்டிப் பயணம் என்பதைவிடச் செட்டிநாட்டுப் பயணம் என்பதே பொருந்தும். துறைமுகத்துக்காகவே போகிறவர்களுக்குத் தொண்டி மூன்றாம் இடம்தான்.

போக்குவரத்திலும் கீழக்கரையே மதுரைக்கு எளிது. இராமநாதபுரத்துக்கு மாட்டுத்தாவணியிலிருந்து பேருந்துகளும், மதுரைச் சந்திப்பிலிருந்து இராமேசுவரம் ரயில்களும் இருக்கின்றன. பரமக்குடி வரை நால்வழிச் சாலை. கொற்கைப் பக்கம் போகிறவர்கள் திருநெல்வேலி வரை போய், திருச்செந்தூர் ரயிலில் ஸ்ரீவைகுண்டத்திலோ ஆழ்வார்திருநகரியிலோ இறங்கிக்கொள்ளலாம். அதன்பின் கொற்கைக்கு வாடகை வண்டி இல்லாமல் ஆகாது. வயதான பெற்றோரையோ சிறு பிள்ளைகளையோ அழைத்துப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது.

கீழக்கரைக்கு இன்னொரு வலிமையும் உண்டு. மதுரைக்காரர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அந்தச் சாலை முழுவதும் வைகையின் போக்கை ஒட்டியே போகிறது. 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் வழியில் இருக்கிறது. அங்கே சூதுபவள மணிகளைப் பார்க்கலாம். வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே, அழகன்குளத்தில், உரோமானிய நாணயங்களும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் அகழாய்வில் கிடைத்தன. அழகன்குளத்தில் மண்ணுக்கு மேலே பார்க்க அதிகம் இல்லை என்பது உண்மை. ஆனாலும், நம் ஊர் ஆற்றின் முகத்துவாரத்திலேயே ஒரு துறைமுகம் இருந்தது என்பதை அறிந்து அந்தக் கரையில் நிற்பது மதுரையில் பிறந்தவர்களுக்குத் தனி உணர்வைத் தரும். இராமநாதபுரத்தில் சேதுபதிகளின் இராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்கும் காட்சியைத் தேடிப் பார்க்க வேண்டும். கடல் வாணிகம் அடுத்து யார் கைக்குப் போகப்போகிறது என்பது அந்தச் சுவரிலேயே தெரிகிறது.

ஆகவே ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் கீழக்கரைக்குப் போங்கள். விடியற்காலையில் கிளம்பி, நடை சாத்துவதற்குள் உத்தரகோசமங்கையையும் திருப்புல்லாணியையும் முடித்துக்கொண்டு, பிற்பகலில் பள்ளிவாசலும் கடலும் பார்க்கலாம். கீழடியைத் திரும்பும் வழிக்கு விட்டால் நேரம் போதாது. அதை வேறொரு ஞாயிற்றுக்கிழமை தனியே பார்ப்பது மேல். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் தயங்காமல் கொற்கைப் பக்கம் போகலாம். முதல் நாள் ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி, கொற்கை. இரவு திருநெல்வேலியில் தங்கல். மறுநாள் காலை பத்தமடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமிரபரணிக் கரைப் பயணத்தைத் தள்ளிவைத்து, தை பிறந்த பிறகு போவது நல்லது. பத்தமடையில் பெயர் நெய்த பாய் வேண்டுபவர்கள் கலியாணத் தேதிக்குச் சில மாதங்கள் முன்னதாகவே சொல்லி வைத்துவிட வேண்டும்.